டாரட்டும் துருப்பும்

அன்புள்ள ஐயா,

வார இறுதியில், படச்சீட்டுகளை எடுத்துக் குறி சொல்லும் டாரட் வகுப்புக்குப் போகிறேன். 78 சீட்டுகளும் எகிப்தியப் பூசாரிகள் மறைத்து வைத்த ஞானநூலின் ஏடுகள், ஜிப்சிகள்தான் அவற்றை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தார்கள் என்று ஆசிரியை சொன்னார். உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

எகிப்துக்குத் தொடர்பு உண்டு, ஆனால் பூசாரிகளுக்கு இல்லை. 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான்களின் நாட்டுப் பக்கமிருந்து சாதாரண விளையாட்டுச் சீட்டு ஐரோப்பாவுக்குள் வந்தது. அந்த வகைக் கட்டு ஒன்று இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையில் இருக்கிறது. கிண்ணம், காசு, வாள், போலோ மட்டை என நான்கு வகை. இத்தாலியர்களுக்குப் போலோ பழக்கமில்லை. மட்டை அங்கே வெறும் தடியாகிவிட்டது. இன்று உங்கள் கட்டில் 'வாண்ட்ஸ்' என்று மந்திரக்கோலாக நிற்பது அந்த மட்டைதான்.

1440 வாக்கில் வட இத்தாலியில் இந்தச் சீட்டுகளோடு 22 படச்சீட்டுகள் சேர்ந்தன. போப், மரணம், சூரியன் எல்லாம் மற்ற சீட்டுகளை வெட்டுவதற்காக வந்தவை. பெயர் 'த்ரியோன்ஃபி', அதாவது வெற்றிகள். ஆங்கில 'டிரம்ப்' அதிலிருந்து பிறந்தது. நாம் சீட்டாடும்போது சொல்லும் துருப்பும் அந்தக் குடும்பத்துச் சொல்தான்.

அப்புறம் எகிப்துக் கதை எங்கிருந்து வந்தது? பாரிஸிலிருந்து, 1781இல். கூர் த ஜெபெலான் என்ற அறிஞர் ஒரு சீமாட்டி வீட்டில் டாரட் ஆடுவதைப் பார்த்தார். கால் மணி நேரத்தில் எல்லாம் விளங்கிவிட்டதாம், எகிப்தியச் சரக்கு என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாராம். அவரே எழுதியிருக்கிறார். 'டாரட்' என்றால் எகிப்திய மொழியில் 'ராஜபாதை' என்றும் விளக்கம் கொடுத்தார். பழைய எகிப்திய எழுத்தைப் பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோன் படித்துக் காட்டியதே 1822இல்தான். யாருக்கும் தெரியாத மொழிக்குப் பொருள் சொல்வதில் இது ஒரு சௌகரியம்.

ஜிப்சிகள் விஷயமும் அப்படித்தான். எகிப்தியர் என்று தவறாக எண்ணி வைத்த பெயர் அது. அவர்களுடைய முன்னோர் புறப்பட்டது இந்தியாவிலிருந்து.

உங்கள் வகுப்பில் புழங்குவது அநேகமாக 1909இல் லண்டனில் வெளியான கட்டாக இருக்கும். படங்களை வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். அந்த ஆண்டே நண்பர் ஒருவருக்கு, பெரிய வேலை ஒன்றை மிகச் சொற்பக் காசுக்கு முடித்ததாக எழுதினார். கட்டு பிரபலமானது பதிப்பாளர் ரைடர், எழுத்தாளர் வெயிட் இருவரின் பெயரில். சீட்டின் கீழ்மூலையில் பாம்பு போல வளைந்த சின்னக் கிறுக்கல் தெரியும், பாருங்கள். அது பமேலாவின் கையெழுத்து.