ஜேமி மோயர் 49 வயசு வரைக்கும் பேஸ்பால்ல எப்படி தாக்குப்பிடிச்சார்?

முதல்ல பிட்சர்னா பந்து எறியறவர். ஜேமி மோயர் பிலடெல்பியால இருக்குற செயின்ட் ஜோசப்ஸ் யுனிவர்சிட்டிக்கு ஆடின பிட்சர், 1984 டிராஃப்ட்ல (புது ஆட்டக்காரங்களை டீம்கள் முறைவெச்சு எடுக்குறது) சிகாகோ கப்ஸ் டீம் எடுத்தாங்க, 1986ல அமெரிக்காவோட டாப் பேஸ்பால் லீக்கான மேஜர் லீக்ல இறங்கினவர் 2012 வரைக்கும் ஆடினார், மொத்தம் 269 வெற்றி (டீம் ஜெயிச்சா அந்த வெற்றியை ஒரு பிட்சர் பேர்ல எழுதுவாங்க). 2012 ஏப்ரல்ல கொலராடோ டீமுக்காக ஜெயிச்சப்போ வயசு 49, மேஜர் லீக்ல ஜெயிச்சதுலயே வயசான பிட்சர் அவர்தான்.

இவர் பந்து வேகமே கிடையாது, கடைசி வருஷங்கள்ல மணிக்கு 130 கிலோமீட்டரே பெரிய விஷயம். ஆனா சேஞ்ச்அப்னு ஒரு பந்து இருக்கு, கை வேகமா வீசுற மாதிரியே வரும், பந்து மட்டும் மெதுவா வரும். பேட்டருக்கு அரை செகண்ட் கூட கிடைக்காது, கையைப் பார்த்துதான் எப்ப பேட்டை வீசணும்னு முடிவெடுக்கணும், அங்கதான் ஏமாந்துடுவார். மாடிப்படி இறங்கும்போது இன்னும் ஒரு படி இருக்குன்னு நெனச்சு கால் வச்சா தரை வந்து உடம்பு ஒரு குலுங்கு குலுங்குமே, அதேதான். வேகம் வயசானா போயிடும், ஏமாத்துற டைமிங் போகாது.

எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா, இருபதுகள் முடியறதுக்குள்ள ரெண்டு மூணு டீம் கழட்டி விட்ட மனுஷன், சியாட்டிலுக்காக 2003ல 40 வயசுல 21 மேட்ச் ஜெயிச்சார்!

இவர் பந்தை யாராலயும் அடிக்க முடியலன்னு மட்டும் நெனச்சுடாதீங்க, மேஜர் லீக் வரலாற்றுலயே அதிக ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி பெரிய அடி) கொடுத்த பிட்சரும் இவர்தான், 522.