கணினி கேள்வி – பதில்: பழைய ஓனரின் கணக்கு

கேள்வி: எஸ்.பி. ரோட்டில் செகண்ட்ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்கினேன். விண்டோஸ் 11 ஹோம். என் பெயரில் கணக்கு போட்டுத் தந்தார்கள். ஆனால் லாகின் திரையில் பழைய ஓனரின் பெயரும் நிற்கிறது, அதுவும் அட்மினிஸ்ட்ரேட்டராக. அழிக்கலாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: தாராளமாக. அதற்குமுன் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், யுவர் இன்ஃபோ போய், உங்கள் பெயருக்குக் கீழே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் எதை நீக்கப் போனாலும் அவருடைய பாஸ்வேர்டைத்தான் கேட்கும்.

இருந்தால், கமாண்ட் பிராம்ப்ட்டை (கட்டளைகளைத் தட்டும் ஜன்னல்) 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்து 'நெட் லோக்கல்குரூப் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள் (லோக்கல்குரூப் ஒரே சொல்). லாகின் திரையில் தெரியாத கணக்குகளும் வந்து நிற்கும். அதில் வெறுமனே 'அட்மினிஸ்ட்ரேட்டர்' என்று இருப்பது விண்டோஸோடு பிறந்தது. அதை அழிக்க முடியாது. வழக்கமாக முடக்கியே இருக்கும், விட்டுவிடுங்கள்.

பழையவர் கணக்கை அக்கவுண்ட்ஸில் 'அதர் யூசர்ஸ்' போய் ரிமூவ் கொடுங்கள். அவருடைய டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ் எல்லாம் கூடவே போகும்; ரீசைக்கிள் பின்னில் தேடினாலும் கிடைக்காது. கமாண்ட் கொடுத்து நீக்குகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள். கணக்கு போய்விடும், சி டிரைவில் 'யூசர்ஸ்' உள்ளே இருக்கும் ஃபோல்டர் போகாது. அதைக் கையால் அழித்தாலும் ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புக் குறிப்பேடு) பதிவு மிஞ்சும். சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்ட், யூசர் புரொஃபைல்ஸ் போனால் 'அக்கவுண்ட் அன்னோன்' என்று ஒரு வரி இருக்கும். அங்கே டெலீட் கொடுப்பதே சரி.

டிரைவ் என்கிரிப்ட் ஆகியிருக்கிறதா (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறதா) என்பதையும் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'யில் பாருங்கள். பூட்டைத் திறக்கும் 48 இலக்க ரிக்கவரி கீ பழையவரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் கிடக்கலாம். பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகு கணினி அதைக் கேட்டால் யாரிடம் போய் நிற்பது? என்கிரிப்ஷனை ஆஃப் செய்து, முழுதாக முடிந்தபின் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து மறுபடி ஆன் செய்யுங்கள்.

உண்மையில், கைமாறி வந்த கணினிக்கு இத்தனை மெனக்கெடுவதைவிட 'ரீசெட் திஸ் பிசி'யில் 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுப்பதே மேல். முறையான டிஜிட்டல் லைசென்ஸ் என்றால் நெட் கிடைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும்.

கேள்வி: தவறுதலாக அழித்த கணக்கை அதே பெயரில் மறுபடி உருவாக்கினேன். பழைய ஃபோல்டர் 'அனுமதி இல்லை' என்கிறதே?
– வாசகி, ஸ்ரீராம்புரம்

பதில்: விண்டோஸ் பெயரைப் பார்ப்பதில்லை, எஸ்-1-5-21 என்று தொடங்கும் எண்ணைத்தான் பார்க்கிறது. புதுக் கணக்குக்கு எண்ணும் புதுசு. ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டில் ஓனரை உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். கீழே 'ரீப்ளேஸ் ஓனர் ஆன் சப்கன்டெய்னர்ஸ்' என்று தொடங்கும் கட்டத்தில் டிக் போட மறக்காதீர்கள்.