முடிச்சில்லாத வேரும் புளித்துப்போன கலனும்

கேள்வி: நிலக்கடலை விதையில் கார்பன்டாசிம் பூஞ்சைக்கொல்லி கலந்து, மறுநாள் ரைசோபியம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ் ஆகிய நான்கு நுண்ணுயிர்ப் பொடிகளையும் ஒரே கரைசலாக்கிப் பூசி விதைத்தேன். அடியுரம் யூரியாவும் டிஏபியும். 40 நாளாகிறது, செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சைக் காணோம். போதாததற்குச் சாண எரிவாயுக் கலனும் இரண்டு வாரமாகச் சரியாக எரியவில்லை. காய்கறிக் கழிவை அதிகம் போட்டதிலிருந்துதான் இப்படி. இரண்டுக்கும் எந்த நுண்ணுயிர்ப் பொடி வாங்கலாம்?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள். உங்களிடம் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. அவை ஒன்றோடொன்று சேர்ந்து வேலை செய்ய வழியில்லாமல் போயிருக்கிறது.

முதலில், செடியைப் பிடுங்காதீர்கள். மண்வெட்டியால் ஒரு சாண் தள்ளிக் குத்தி, மண்ணோடு பெயர்த்தெடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து அலசிப் பாருங்கள். முடிச்சை உண்டாக்கும் ரைசோபியம் பாக்டீரியா பல பயிர்களில் வேர்த்தூவி வழியாக நுழையும். நிலக்கடலையில் அப்படியில்லை. பக்கவேர் பிளந்து வெளிவரும் இடத்தில் உண்டாகும் சிறு வெடிப்புதான் அதற்கு வாசல். அதனால் முடிச்சுகள் பக்கவேர்களின் அடியை ஒட்டியே இருக்கும். இழுத்துப் பிடுங்கினால் பக்கவேர் அறுந்து முடிச்சு மண்ணிலேயே தங்கிவிடும்.

கிடைத்த முடிச்சில் நாலைந்தைப் பிளேடால் குறுக்கே வெட்டுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) தயாராகிறது என்று அர்த்தம். அந்த நிறம் லெக்ஹீமோகுளோபினுடையது, நம் ரத்தத்து ஹீமோகுளோபினுக்கு உறவு. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடிக்கும் நைட்ரஜனேஸ் என்ற நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நின்று ஆக்சிஜனை அளந்து கொடுப்பது இந்தச் சிவப்புப் புரதம். எத்தனை முறை வெட்டிப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. உள்ளே வெள்ளையாக இருந்தால் வேலை நடக்கவில்லை. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் முடிச்சு கிழடாகிவிட்டது.

முடிச்சு உண்மையிலேயே குறைவென்றால் என் முதல் சந்தேகம் யூரியா மேல்தான். பயறுவகைச் செடி வேரிலிருந்து ஃபிளேவனாய்டுகள் என்ற வேதிப்பொருள்களைக் கசியவிட்டுப் பாக்டீரியாவை அழைக்கிறது. பாக்டீரியா தன் பங்குக்கு ஒரு வேதிக் குறிப்பை அனுப்பிய பிறகே முடிச்சு எழும்புகிறது. இந்த உறவுக்குச் செடி கொடுக்கும் விலை அதிகம்: ஒரு நைட்ரஜன் மூலக்கூறைப் பிளக்கக் குறைந்தது 16 ஏடிபி (உயிரணுவின் ஆற்றல் நாணயம்) செலவு, அத்தனையும் செடியின் சர்க்கரையிலிருந்து. யூரியா மண்ணில் மாறி உண்டாகும் நைட்ரேட் தாராளமாக இருந்தால் செடி இந்தச் செலவில் இறங்காது. டிஏபியிலும் 18 சதவீதம் நைட்ரஜன். போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது, ஆனால் நைட்ரேட் தீரத் தீரப் புது முடிச்சு வரலாம். இலை பச்சையாக இருந்தால் மேலுரமாக யூரியா இடாதீர்கள். இலை வெளுத்து, முடிச்சும் வெள்ளையாக இருந்தால் மட்டும் கொஞ்சம் கொடுங்கள். அடுத்த முறை மணிச்சத்துக்கு (பாஸ்பரஸ்) சூப்பர் பாஸ்பேட் இடுங்கள். நிலக்கடலைக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் கந்தகமும் சேர்ந்தே கிடைக்கும்.

அடுத்தது அந்த நான்கும் சேர்ந்த கரைசல். டிரைக்கோடெர்மா ஒரு பூஞ்சை. நோய்ப் பூஞ்சையின் இழையைச் சுற்றிப் பின்னி, அதன் சுவரைக் கரைத்து உண்ணும். கார்பன்டாசிமுக்கு நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சை என்ற பேதம் தெரியாது. ஒருநாள் இடைவெளி விட்டாலும் மருந்து விதையின் மேலேயேதான் இருக்கிறது. சூடோமோனாஸோ நோய்க்கிருமிக்கு இரும்புச்சத்து கிடைக்காதபடி தானே கவ்விக்கொள்ளும், எதிர்ப்பொருள்களையும் சுரக்கும். சில ரகங்கள் டிரைக்கோடெர்மாவையும் சேர்த்தே அடக்கிவிடும். ஆகவே இடத்தையும் நேரத்தையும் பிரித்துவிடுங்கள். விதையில் ரைசோபியம் மட்டும், நிலக்கடலைக்கென்று தயாரித்ததாகப் பார்த்து வாங்கி, சர்க்கரைக் கரைசலில் குழைத்துப் பூசி, நிழலில் உலர்த்தி, அன்றே விதையுங்கள். டிரைக்கோடெர்மாவை நன்கு மட்கிய எருவில் கலந்து ஈரத்தோடு நிழலில் வைத்திருந்து, விதைக்குமுன் மண்ணில் இடலாம். சூடோமோனாஸைப் பிறகு வேரில் ஊற்றிக்கொள்ளலாம். வேரழுகலுக்குப் பயந்து கார்பன்டாசிம் கலந்தே ஆகவேண்டுமென்றால் விதையில் டிரைக்கோடெர்மாவை விட்டுவிடுங்கள்.

பாஸ்போபாக்டீரியா அமிலம் சுரந்து மணிச்சத்தைக் கரைக்கும், ஆனால் கரையும் மணிச்சத்து ஏற்கெனவே உள்ள டிஏபியைப் போட்ட மண்ணில் அதன் பலன் கண்ணுக்குத் தெரியாது.

இனி கலன். அதற்குள் நடப்பது ஒரு தொடர் ஓட்டம். ஒரு கூட்டம் கழிவை உடைத்து அமிலமாக்கும். இன்னொரு கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டேட்டாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும். மெத்தேன் ஆக்கிகள் இவற்றைத் தின்று வாயு தரும். ஹைட்ரஜன் உடனுக்குடன் தீர்ந்தால்தான் நடுவிலுள்ள கூட்டம் இயங்கவே முடியும். இந்த ஒட்டுறவு எவ்வளவு நெருக்கமானது என்றால், ஒற்றை உயிரி என்று நெடுங்காலம் நம்பிய ஒரு மெத்தேன் ஆக்கி, உண்மையில் சேர்ந்து வாழும் இரண்டு உயிரிகள் என்று 1967-இல்தான் தெரியவந்தது.

காய்கறிக் கழிவு சீக்கிரம் அமிலமாகும், மெத்தேன் ஆக்கிகள் மெதுவாகப் பெருகும். நீங்கள் திடீரென்று அதிகம் போட்டதும் அமிலம் தேங்கிவிட்டது. புளித்த வாடை அடித்தால், அமிலத்தன்மையை அளக்கும் பிஎச் தாள் வைத்துப் பாருங்கள். பிஎச் 7-ஐ ஒட்டி இருக்கவேண்டும், 6.5-க்குக் கீழே இறங்கினால் மெத்தேன் ஆக்கிகள் திணறும். ஒரு வாரம் கழிவு போடுவதை நிறுத்துங்கள். நன்றாக எரியும் வேறொரு கலனிலிருந்து ஸ்லரி (கலனின் சாணக் குழம்பு) கிடைத்தால் சில வாளி ஊற்றுங்கள், கிடைக்காவிட்டால் புதுச் சாணக் கரைசல். தேவைப்பட்டால் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாகக் கரைத்து விட்டு, பிஎச் பார்த்துக்கொண்டே இருங்கள். வாயு நீலமாக எரியத் தொடங்கிய பிறகு கழிவைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

ஒன்று மட்டும் கவனம். கலனிலிருந்து வெளியேறும் ஸ்லரியில் அம்மோனிய வடிவ நைட்ரஜன் நிறைய இருக்கும். நல்ல எருதானே என்று அதை இந்த நிலக்கடலைக்குப் பாய்ச்சிவிடாதீர்கள். யூரியா செய்ததையே அதுவும் செய்யும். மக்காச்சோளமோ வாழையோ இருந்தால் அங்கே திருப்பிவிடுங்கள்.