புரோகிராமர்களுக்குத் தாராளமாகச் செலவு செய்யலாமா? - கேள்வி பதில்

சார், கோவையில் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறேன். பசங்க எல்லோரும் புது லேப்டாப் கேட்கிறார்கள். கேட்டதையெல்லாம் வாங்கித் தரணுமா?

கேட்டதையெல்லாம் வேண்டாம். எதற்காகக் காத்துக் கிடக்கிறார்களோ அதற்கு மட்டும் கணக்குப் பார்க்காமல் கொடுங்கள். மாதச் சம்பளம் 80,000 என்று வைத்துக்கொள்வோம். 22 நாள், தினம் 8 மணி நேரம் என்றால் மணிக்குச் சுமார் 455 ரூபாய். பில்ட் (எழுதிய புரோகிராமை ஓடக்கூடிய ஆப்பாக மாற்றும் வேலை) முடியவும், தொங்கிப்போன லேப்டாப் மறுபடி உயிர் பெறவும் தினம் அரை மணி நேரம் போனால் மாதம் 5,000, வருடத்துக்கு 60,000. இந்தப் பணம் எந்த பில்லிலும் வராது, அதனால் உங்கள் கண்ணில் படாது. போதாததற்கு, பில்ட் நாலு நிமிஷம் ஓடினால் கை தானாகப் போனுக்குப் போய்விடும். அங்கிருந்து திரும்ப நாலு நிமிஷம் போதாது!

அண்ணா, ஆண்ட்ராய்டு வேலை. 8 ஜிபி ரேம் லேப்டாப் கொடுத்துவிட்டு இதுவே போதும் என்கிறார் மேனேஜர். எப்படிக் கேட்பது?

ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும், கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு போன் போல ஓடும் எமுலேட்டரையும் சேர்த்து ஓட்டக் குறைந்தது 16 ஜிபி வேண்டும் என்று கூகுளே சொல்கிறது, தம்பி. ஆனால் அதைக் காட்டினால் மட்டும் மேனேஜர் அசைய மாட்டார். எமுலேட்டர், குரோம் இரண்டையும் திறந்துவைத்து பில்ட் போடு. டாஸ்க் மேனேஜரில் மெமரி நிரம்பி வழிவதை ஸ்கிரீன்ஷாட் எடு. ஒரு வாரம் பில்ட் நேரத்தைக் குறித்து வை. மேலே சொன்ன கணக்கை உன் சம்பளத்துக்குப் போட்டு மெயில் அனுப்பு. அதற்கு முன்னால், லேப்டாப்பில் இன்னொரு ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறதா என்று ஐடி டீமிடம் கேள். இருந்தால் புது மெஷினே தேவைப்படாது.

புது மெஷின் வாங்கியும் பில்ட் மெதுவாகத்தான் ஓடுகிறது. ஏன்?

முதலில் ஆன்டிவைரஸைப் பாருங்கள். ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்களை பில்ட் திறக்கும்போது ஒவ்வொன்றையும் அது சோதித்துக்கொண்டிருக்கும். விண்டோஸ் 11ல் டெவ் டிரைவ் என்று, புரோகிராமர்களுக்கான தனி டிரைவ் வசதி ஒன்று இருக்கிறது. குறைந்தது 50 ஜிபி இடம் ஒதுக்கி, புரோகிராம் ஃபைல்களை அதில் வையுங்கள். அங்கே விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஃபைலைத் திறக்க விட்டுவிட்டுப் பிறகு சோதிக்கும். இதற்குக் காசு எதுவும் செலவில்லை.

வரியில் இந்தச் செலவு எப்படிக் கழியும்?

கம்ப்யூட்டருக்குத் தேய்மானம், அதாவது மதிப்புக் குறைவதற்காக வருமானத்தில் வருடா வருடம் கழித்துக்கொள்வது, 40 சதவீதம். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் முதல் வருடம் அதில் பாதிதான், ஆகவே மார்ச் கடைசியில் அவசரமாக வாங்குவதில் பெரிய லாபமில்லை. வாங்கும்போது கொடுத்த 18 சதவீத ஜிஎஸ்டிக்கு இன்புட் கிரெடிட் எடுத்தால், அதாவது நீங்கள் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் அதைக் கழித்துக்கொண்டால், அந்தத் தொகைக்குத் தேய்மானம் கேட்க முடியாது. மற்றதை ஆடிட்டரிடம் கேளுங்கள்.

விலை உயர்ந்த நாற்காலி?

முதுகைத் தாங்கும் நல்ல நாற்காலி வேண்டும். பிராண்டு பெயருக்காக வேண்டாம். 1990களின் கடைசியில் டாட்காம் கம்பெனிகள் (இன்டர்நெட்டை நம்பித் தொடங்கியவை) ஏரான் என்ற விலை உயர்ந்த பிராண்டு நாற்காலிகளாக வாங்கிப் போட்டன. கம்பெனிகள் கவிழ்ந்தபோது அவை ஏலத்துக்கு வந்தன.

எங்கள் ஆபீசில் சீனியர்களுக்கு மேக்புக், புதுசாகச் சேர்ந்தவர்களுக்குப் பழைய மெஷின். இது நியாயமா?

நியாயத்தை விடுங்கள், நஷ்டம். பல இடங்களில் சீனியரின் பாதி நாள் மீட்டிங்கில் போகிறது. நாள் முழுக்க பில்ட் போடுவது புதுப் பையன்தான். பதவியைப் பார்க்காமல் வேலையைப் பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், டீமுக்கு விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன் ஒன்றும் வாங்கச் சொல்லுங்கள். நல்ல மெஷினிலேயே ஓட்டிப் பார்த்தால், உங்கள் ஆப் வாடிக்கையாளரின் போனில் எப்படித் திணறுகிறது என்று தெரியாமலே போய்விடும்.