நல்லது கெட்டது பிறவியிலேயே வருகிறதா?

கேள்வி: ஆறு மாதக் குழந்தைக்கே நல்லவர், கெட்டவர் தெரியும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். நம்பலாமா?

பதில்: இப்போதைக்கு அப்படியே நம்பாதீர்கள். இந்தப் பேச்சுக்கு மூலம் 2007-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கைலி ஹாம்லின், கேரன் வின், பால் புளூம் மூவரும் வெளியிட்ட ஆய்வு. கண் ஒட்டிய மரக்கட்டை ஒன்று மேடேறப் பார்க்கிறது, முடியவில்லை. ஒரு கட்டை பின்னால் வந்து முட்டுக்கொடுத்து ஏற்றிவிடுகிறது. இன்னொன்று மேலிருந்து வந்து கீழே தள்ளுகிறது. இதை மாற்றி மாற்றிக் காட்டிவிட்டு, உதவிய கட்டையையும் தள்ளிவிட்ட கட்டையையும் குழந்தைமுன் நீட்டினார்கள். ஆறு மாதக் குழந்தைகள் 12 பேரும், பத்து மாதக் குழந்தைகள் 16 பேரில் 14 பேரும் உதவிய கட்டையை எடுத்தார்கள்.

சிக்கல் இங்கேதான். மேலே போய்ச் சேர்ந்ததும் மேடேறிய கட்டை துள்ளிக் குதித்தது. குழந்தையை ஈர்த்தது உதவியா, துள்ளலா? 2012-இல் நியூசிலாந்து ஆய்வாளர்கள், மேடேறும் கட்டையைக் கீழே தள்ளப்பட்ட பிறகு துள்ளவைத்துப் பார்த்தார்கள். குழந்தைகள் தள்ளிவிட்ட கட்டையின் பக்கம் சாய்ந்தார்கள். பிறகு 37 ஆய்வகங்கள் சேர்ந்து, ஹாம்லினும் பங்கேற்று, இதே சோதனையைத் திரும்ப நடத்தி 2024-இல் முடிவை வெளியிட்டன. கணக்கில் எடுத்த 567 குழந்தைகளில் உதவியவரைத் தேர்ந்தவர்கள் 49.34 சதவீதம். நாணயம் சுண்டினாலும் ஏறக்குறைய இதுதான் வரும். இந்த முறை கட்டைகளை நேரில் ஆட்டிக் காட்டுவதற்குப் பதில் திரையில் படம் காட்டினார்கள் என்பதால் வழக்கு முற்றாக முடிந்துவிடவில்லை. ஆனாலும் தன் பழைய முடிவைத் தானே சோதனைக்கு விட்ட ஹாம்லினின் நேர்மை பெரிது.

உறுதியாகத் தெரிவது கொஞ்சம் பெரிய குழந்தைகளைப் பற்றி. பெரியவர் ஒருவர் துணி காயப்போடும்போது கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாமல் கையை நீட்டினால், 18 மாதக் குழந்தை தத்தித் தத்திப் போய் எடுத்துத் தருகிறது. அவரே வேண்டுமென்று கீழே போட்டால் பெரும்பாலும் எடுப்பதில்லை. 2006-இல் உளவியலாளர்கள் வார்னெக்கன், டோமசெல்லோ இருவரும் இப்படிப் பல வேலைகளில் பார்த்தபோது, 24 குழந்தைகளில் 22 பேர் ஒருமுறையாவது உதவினார்கள். ஆனால் ஒன்றரை வருடம் வீட்டில் வளர்ந்த குழந்தை எவ்வளவோ கற்றிருக்கும். ஆகவே இதை வைத்தும் ‘பிறவிக்குணம்’ என்று தீர்ப்பெழுத முடியாது.

கேள்வி: உலகம் முழுக்க ஒரே அறம்தானே இருக்கிறது? அது போதாதா சான்றுக்கு?

பதில்: போதாது. நெருப்பில் சமைப்பது எல்லா ஊரிலும் உண்டு. அதைத் தெரிந்துகொண்டு யாரும் பிறப்பதில்லை. ‘எங்கும் இருக்கிறது’, ‘பிறப்பிலேயே இருக்கிறது’ இரண்டையும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டும்.

எங்கும் ஒன்றே என்பதும் பாதிதான் சரி. 1987-இல் மானுடவியலாளர் ஷ்வேடரும் உடன் ஆய்வாளர்களும் புவனேஸ்வரத்திலும் சிகாகோவிலும் 39 நிகழ்ச்சிகளைச் சொல்லிக் கருத்துக் கேட்டார்கள். வாக்குத் தவறுவதும் தீங்கு செய்யாத விலங்கை உதைப்பதும் இரண்டு ஊரிலும் தவறு. ஆனால் அப்பா இறந்த மறுநாள் மூத்த மகன் முடிவெட்டிக்கொண்டு கோழிக்கறி சாப்பிட்டதை ஒடியா பிராமணக் குடும்பங்கள் பெரும்பாவங்களில் வைத்தன. சிகாகோவில் அது ஒரு விஷயமே இல்லை.

2015-இல் இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்த மிட்டாய்ச் சோதனை இன்னும் தெளிவானது. 4 முதல் 15 வயது வரை, இரண்டு குழந்தைகள் எதிரெதிரே. ஒரு தட்டில் நாலு மிட்டாய், மற்றதில் ஒன்று. ஒரு குழந்தையிடம் இரண்டு கைப்பிடி: பச்சையை இழுத்தால் தட்டில் உள்ளது அவரவருக்கு, சிவப்பை இழுத்தால் இருவருக்கும் இல்லை. தனக்கு ஒன்று, எதிராளிக்கு நாலு என்றால் சிவப்பை இழுக்கும் போக்கு ஏழு நாடுகளிலும் தென்பட்டது. தொடங்கும் வயது மட்டும் மாறியது. தனக்கு நாலு, எதிராளிக்கு ஒன்று என்றபோதும் மறுத்தவர்கள் அமெரிக்கா, கனடா, உகாண்டா ஆகிய மூன்று நாடுகளில் மட்டும். அதுவும் பெரிய பிள்ளைகள்.

கேள்வி: அப்படியானால் வீட்டில் எதைக் கற்றுத்தர வேண்டும்?

பதில்: தனக்குக் குறைந்தால் பிள்ளை தானே கேட்டுவிடும். அடுத்தவருக்குக் குறைந்ததைக் கவனிக்கத்தான் பழக்க வேண்டும். பங்கு பிரிக்கும் வேலையைப் பிள்ளையிடமே கொடுத்து, “தம்பிக்கு எவ்வளவு வந்திருக்கு, பார்” என்று கேளுங்கள். உதவி செய்ததற்குப் பரிசுப் பொருள் கொடுத்துப் பழக்காதீர்கள். 2008-இல் 20 மாதக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், ஒவ்வொரு உதவிக்கும் விளையாட்டுப் பொருள் பெற்றவர்கள், பரிசு நின்றதும் மற்றவர்களைவிடக் குறைவாகவே உதவினார்கள்.