மேடைக்கு மேடை பட்டப்பெயர் சொல்கிறார்கள், என்ன செய்வது?

கேள்வி: சங்கத் தேர்தலில் தலைவர் பதவிக்கு நிற்கிறேன். போன வருடம் இரண்டு முக்கியமான கூட்டங்களுக்குப் போகவில்லை. அதை வைத்து எதிரணி என்னை ‘எஸ்கேப் மன்னன்’ என்கிறது. மறுப்பதா, பதிலுக்கு நானும் ஒரு பெயர் வைப்பதா?

பதில்: “நான் எஸ்கேப் மன்னன் இல்லை” என்று மட்டும் மைக்கில் சொல்லிவிடாதீர்கள். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான ரிச்சர்ட் நிக்சனுக்கு (ரிச்சர்டின் செல்லச் சுருக்கம்தான் ‘டிக்’) 1950 செனட் தேர்தலிலேயே ‘ட்ரிக்கி டிக்’, அதாவது தில்லுமுல்லு டிக், என்ற பெயர் விழுந்துவிட்டது. எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆள் புகுந்த வாட்டர்கேட் விவகாரம் முற்றிய நேரத்தில், 1973 நவம்பரில், “நான் மோசடிக்காரன் இல்லை” என்றார் மனிதர். இன்று வரைக்கும் அவர் பேச்சிலேயே அதிகம் நினைவில் இருப்பது அந்த ஒரு வரிதான். எதிரி வைத்த சொல்லை நீங்களே சொன்னால் அவருக்கு ஒரு போஸ்டர் செலவு மிச்சம்.

பதிலுக்குப் பெயர் வைப்பதும் எல்லாருக்கும் வராது. 2016ல் அமெரிக்க ஜனாதிபதி தேர்தலுக்கான ரிபப்ளிகன் கட்சி வேட்பாளர் போட்டியில் டிரம்ப், எதிர்த்து நின்ற செனட்டர் மார்கோ ரூபியோவை ‘குட்டி மார்கோ’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பொறுக்கமுடியாமல் ரூபியோ, டிரம்ப்பின் கை சின்னது என்று கிண்டலடிக்க, கூட்டம் சிரித்தது. ஆனால் சொந்த மாநிலமான ஃபுளோரிடாவிலேயே தோற்று விலகினார், அதற்கு முன்பே அந்தக் கிண்டலுக்காக வருந்துவதாகவும் சொல்லிவிட்டார். அது ஒன்றுதான் தோல்விக்குக் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வசவில் டிரம்ப்புக்கு இருந்த பழக்கம் இவருக்கு இல்லை, பார்க்கிறவர்களுக்கு அது தெரிந்தது.

பெயரை நாமே எடுத்துச் சூடிக்கொள்ளலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். 1976ல் சோவியத் ராணுவப் பத்திரிகை நக்கலாக ‘இரும்புப் பெண்மணி’ என்றதை, பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான மார்கரெட் தாட்சர் சில நாளிலேயே பட்டமாக ஏற்றுக்கொண்டார். சரி, அங்கே ‘இரும்பு’ என்ற சொல்லுக்குள்ளேயே பாதிப் பாராட்டு இருந்தது. ‘எஸ்கேப்’பை எப்படித் திருப்பிப் போட்டாலும் ஒன்றும் தேறாது.

உங்கள் விஷயத்தில் அந்தப் பெயர் ஒட்டுவதற்குக் காரணம், உறுப்பினர்களுக்கு ஏற்கெனவே அந்தச் சந்தேகம் இருப்பதுதான். அதனால் பெயரை விட்டுவிட்டு அந்தச் சந்தேகத்துக்குப் பதில் சொல்லுங்கள். அந்த இரண்டு கூட்டங்களுக்கு ஏன் வரவில்லை என்று ஒரே ஒரு முறை, நாலு வரியில், உள்ளதைச் சொல்லிவிடுங்கள். தப்பு உங்கள் மேல் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அப்புறம் தேர்தல் முடிகிறவரை எந்தக் கூட்டத்துக்கும் முதல் ஆளாகப் போய் உட்காருங்கள்.

இன்னொன்று, உங்கள் அணிக்காரர்களே வாட்ஸப்பில் அந்தப் பெயரைப் போட்டுச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். முதலில் அதை நிறுத்தச் சொல்லுங்கள்.