தீம் பார்க் வரிசைகள்: வாசகர் கேள்வி – பதில்

விடுமுறைக் காலம் நெருங்கும்போதெல்லாம் தீம் பார்க்குகளின் கூட்டத்தைப் பற்றிய கடிதங்கள் குவியத் தொடங்கிவிடுகின்றன. இம்முறை வந்தவற்றுள் ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாக்கி, விடைகளைக் கீழே தருகிறோம்.

கேள்வி (வேளச்சேரி வாசகர்): வார நாளில் கூட்டம் இருக்காது என்று நம்பி, அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை குடும்பத்துடன் ஒரு பூங்காவுக்குச் சென்றோம். வளாகம் காலியாகத்தான் இருந்தது. ஆனால் ரோலர் கோஸ்டருக்கு ஞாயிற்றுக்கிழமை நின்ற அதே ஒரு மணி நேரம் நிற்க வேண்டியதாயிற்று. இது எப்படி?

பதில்: பூங்காவுக்குள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது ஒரு கணக்கு, ஒரு ரைடின் முன்னே எவ்வளவு நேரம் நிற்க நேரும் என்பது வேறொரு கணக்கு. வரிசையில் நிற்பவர்களின் எண்ணிக்கையை, அந்த ரைடு ஒரு மணி நேரத்தில் ஏற்றி அனுப்பக்கூடிய ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் காத்திருப்பு நேரம் கிடைத்துவிடும். வங்கி, மருத்துவமனை, தொலைபேசி இணைப்பகம் என எந்த வரிசைக்கும் பொருந்தும் இந்த விதியை 1961இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் கணித முறைப்படி நிறுவினார்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 28 இருக்கைகள் கொண்ட இரண்டு வண்டிகள் மாறி மாறி ஓடி, ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு வண்டி புறப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 புறப்பாடு. அதாவது 1,120 பேர். வரிசையில் 560 பேர் நின்றால் அரை மணி நேரத்தில் கடைசி ஆளும் ஏறிவிடுவார். கூட்டம் குறைந்த நாள்களில் ஆள்செலவையும் மின்செலவையும் பராமரிப்பையும் கருதி, இரண்டாவது வண்டியைக் கொட்டகைக்குள் நிறுத்திவிடும் வழக்கம் உலகெங்கும் பூங்காக்களில் உண்டு. அப்போது ஒரே வண்டி போய்த் திரும்பி, இறங்குவோர் இறங்கி, ஏறுவோர் ஏறி, பெல்ட்டும் தோள் கம்பியும் சரிபார்க்கப்பட்ட பிறகே மறுபடி புறப்பட முடியும் என்பதால் மூன்று நிமிடத்துக்கு ஒரு புறப்பாடுதான் கிடைக்கும். மணிக்கு 560 பேர். அதே வரிசைக்கு இப்போது முழுதாக ஒரு மணி நேரம். செவ்வாய்க்கிழமை தாங்கள் பார்த்தது பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்.

ஆகவே வரிசையின் நீளத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். ஓரிரு நிமிடம் ஒதுங்கி நின்று, எத்தனை வண்டிகள் ஓடுகின்றன, ஒரு புறப்பாட்டுக்கும் அடுத்ததற்கும் எவ்வளவு இடைவெளி, இருக்கைகள் நிரம்பிச் செல்கின்றனவா காலியாகச் செல்கின்றனவா என்று கவனியுங்கள். குழந்தைகளுக்கான சிறு ரைடுகளில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 16 பேர் அமரும் ராட்டினம், ஏற்றி இறக்குவது உட்பட நான்கு நிமிடத்துக்கு ஒரு சுற்று என்றால், மணிக்கு 240 பேருக்குமேல் ஏற்ற முடியாது. முன்னே 80 பேர் நிற்பது சிறிய வரிசையாகத் தோன்றும்; ஆனால் அது இருபது நிமிடம்.

கேள்வி (கீழ்ப்பாக்கம் வாசகர்): வெளிநாட்டுப் பூங்கா ஒன்றில், வாசல் பலகையில் 30 நிமிடம் என்று போட்டிருந்த ரைடுக்குக் காலையில் 50 நிமிடம் ஆனது. மாலையில் 60 நிமிடம் என்று போட்டிருந்த இடத்தில் அரை மணியில் ஏறிவிட்டோம். பலகையில் போடுவது வெறும் கண்துடைப்பா?

பதில்: கண்துடைப்பு என்று சொல்லிவிட முடியாது. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால், அதை எப்போது நம்பலாம் என்பதும் தெரிந்துவிடும். டிஸ்னி பூங்காக்களில் வரிசையின் நுழைவில் நிற்கும் பணியாளர் யாரேனும் ஒருவரிடம் கயிற்றில் கோத்த சிவப்பு அட்டையைக் கொடுத்து, ரைடில் ஏறும் இடத்தில் ஒப்படைக்கச் சொல்வது நெடுநாள் வழக்கம். கொடுத்த நேரத்துக்கும் திரும்பிய நேரத்துக்கும் உள்ள வேறுபாடே அளவு. இதில் ஒரு சிக்கல் இருப்பது தங்களுக்கே புலப்படும். இப்போது முடிந்த அளவீடு, அரை மணி நேரத்துக்கு முன்பே வரிசையில் சேர்ந்துவிட்ட ஒருவருடையது. காலையில் கூட்டம் ஏறிக்கொண்டே இருக்கும் வேளையில் அந்த எண் பின்தங்கிக் குறைவாகக் காட்டும். மாலையில் கூட்டம் கலையும்போது அதிகமாகக் காட்டும். தாங்கள் கண்டதும் இதுவே.

இதற்கு மேல், நிர்வாகமே சற்றுக் கூட்டிப் போடுவதும் உண்டு. 40 நிமிடம் என்று படித்துவிட்டு 30 நிமிடத்தில் ஏறுபவர் மகிழ்ச்சியோடு போவார். 30 என்று படித்துவிட்டு 40 நின்றவர் சண்டைக்கு வருவார். மூடும் நேரம் நெருங்கும்போது புதிதாக வந்து சேருவோரைக் குறைக்கவும் இப்படிக் கூட்டுவார்கள். எனவே காலை பதினொரு மணிக்குப் பலகையை அப்படியே நம்பாதீர்கள். இரவு மூடுவதற்கு அரை மணி முன்னால் அதைக் கண்டு பயப்படவும் வேண்டாம்.

கேள்வி (மயிலாப்பூர் வாசகி): பிள்ளைகளை சிங்கப்பூர் யூனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு அழைத்துச் செல்ல நினைக்கிறோம். மே மாதம் விமானக் கட்டணம் அதிகம், ஜூன் முதல் வாரம் போகலாம் என்கிறார் என் கணவர். மே மாதமே நல்லது என்கிறார் என் நாத்தனார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இந்த ஒரு விஷயத்தில் நாத்தனார் பக்கமே நியாயம் இருக்கிறது. நம் பிள்ளைகளின் விடுமுறை முடியும் வேளையில்தான் சிங்கப்பூர்ப் பிள்ளைகளின் விடுமுறை தொடங்குகிறது. அங்கே பள்ளிகளின் அரையாண்டு விடுமுறை மே மாதக் கடைசியில் ஆரம்பித்து ஏறத்தாழ நான்கு வாரம், ஜூன் இறுதிவரை நீளும். கட்டணத்தில் மிச்சம் பிடித்துவிட்டு ஜூனில் போனால், உள்ளூர்க் கூட்டம் முழுவதுடனும் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும். அதேபோல மே முதல் வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். மே தினத்தையொட்டிச் சீனாவில் தொடர் விடுமுறை விடுவதால் அங்கிருந்து சுற்றுலாப் பயணிகள் திரளாக வருவார்கள். மே இரண்டாவது, மூன்றாவது வாரங்களில், அந்த ஆண்டின் விசாக தின (புத்த பூர்ணிமை) விடுமுறை எந்த நாளில் வருகிறது என்று பார்த்துக்கொண்டு, செவ்வாய், புதன், வியாழன் ஆகிய மூன்றில் ஒரு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தீபாவளிக்குச் சென்னையின் சத்தத்திலிருந்து தப்பி அங்கே போகலாம் என்று எண்ணுவோருக்கும் ஒரு வார்த்தை: அங்கும் தீபாவளி அரசு விடுமுறைதான். அக்டோபர் முதல் வாரம் சீனாவின் தேசிய நாள் விடுமுறை என்பதையும் மறந்துவிட வேண்டாம்.

உள்ளே சென்றபின் கவனிக்க வேண்டியது மின்னல் எச்சரிக்கை. பிற்பகலில் இடி மழை அங்கே சாதாரணம். எச்சரிக்கை வந்தவுடன் திறந்தவெளி ரைடுகள் அனைத்தும் நிறுத்தப்படும். பேட்டில்ஸ்டார் கேலக்டிகா கோஸ்டருக்கும் ஜுராசிக் பார்க் படகுச் சவாரிக்கும் நின்றவர்கள் அப்படியே கூரைக்கு அடியில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ், மம்மி ஆகியவற்றின் பக்கம் திரும்புவார்கள். பத்தே நிமிடத்தில் அங்கே வரிசை பெருத்துவிடும். ஆகவே வானம் தெளிவாக இருக்கும் காலை நேரத்தில் திறந்தவெளி ரைடுகளை முடித்துவிடுவது உசிதம். பதின்ம வயதுப் பிள்ளைகள் தனித்தனியாக அமரச் சம்மதித்தால் சிங்கிள் ரைடர் வரிசையைப் பயன்படுத்துங்கள். குடும்பங்கள் சேர்ந்து அமர்ந்தபின் எஞ்சும் ஒற்றை இருக்கைகளுக்கு ஆள் எடுக்கும் வரிசை அது. பெரும்பாலும் வேகமாக நகரும்.

கேள்வி (அம்பத்தூர் வாசகர்): வெளிநாடெல்லாம் நமக்கு எட்டாது. சென்னைப் பூங்காக்களுக்கு எந்த நாள், எந்த நேரம் போகலாம்?

பதில்: ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி., முட்டுக்காடு எம்.ஜி.எம்., பூந்தமல்லியைத் தாண்டிய குயின்ஸ்லேண்ட், 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே திறக்கப்பட்ட வொண்டர்லா என்று இப்போது நமக்கும் தேர்வுக்குக் குறைவில்லை. தவிர்க்க வேண்டிய நாள்களில் முதலிடம் காணும் பொங்கலுக்கு. அன்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி நகரும் வேகத்தைக் கண்டவர்கள், பூங்கா வரிசை எவ்வளவோ மேல் என்பார்கள். ஆயுத பூஜை தொடர் விடுமுறை, அரையாண்டுத் தேர்வு முடிந்த கிறிஸ்துமஸ் வாரம், மே மாத ஞாயிறுகள் ஆகியவையும் அப்படியே.

வார நாள் என்றால் போதும் என்று நினைப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. பள்ளிகள் சுற்றுலா அழைத்து வருவது வார நாள்களில்தான். வாகன நிறுத்துமிடத்தில் மஞ்சள் நிறப் பேருந்துகள் அணிவகுத்து நின்றால் அன்று பிற்பகல்வரை ரைடுகள் அவர்கள் வசம் என்று பொருள். முன்பதிவு செய்யும்போதே பூங்காவுக்குத் தொலைபேசியில் பேசி, அன்று எத்தனை பள்ளிகள் வருகின்றன என்று கேட்டுவிடலாம். கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். பள்ளிகள் திறந்து பாடங்கள் சூடு பிடித்துவிட்ட ஜூலை மாத வார நாள்களே என் கணிப்பில் சிறந்தவை; வெயிலும் சற்றுத் தணிந்திருக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, சென்னையின் கூட்டத்தை நகர்த்துவது வெயில். பதினொன்றரை மணிக்குமேல் எல்லோரும் தண்ணீர்ப் பக்கம் போய்விடுகிறார்கள். உடை மாற்றும் அறை, லாக்கர், நைலான் உடை விற்கும் கவுண்டர் என ஒவ்வொன்றிலும் ஒரு வரிசை தனியாக உருவாகும். கத்திரி வெயிலில் இது இன்னும் கூடும். அந்த நேரத்தில் தண்ணீர் இல்லாத உலர் ரைடுகள் காற்று வாங்கும். வெயிலைத் தாங்கக்கூடியவர்கள், தொப்பியும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு மணிக்கு ரோலர் கோஸ்டர் பக்கம் போகலாம். தாங்க முடியாதவர்கள் கதவு திறந்த முதல் ஒன்றரை மணி நேரத்தில் உலர் ரைடுகளை முடித்துக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கே சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்குமேல் தண்ணீரில் இறங்கலாம். ஒரு மணிக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் டோக்கன் வாங்க நிற்பதைப் போல் வீணான நேரம் வேறில்லை.

கேள்வி (அடையாறு வாசகி): பொது வரிசையில் நிற்காமல் தனி வழியில் சீக்கிரம் ஏற உதவும் ஃபாஸ்ட் டிராக் டிக்கெட்டுக்குக் கூடுதல் பணம் கொடுப்பது சரிதானா?

பதில்: திருப்பதியில் 300 ரூபாய் சிறப்பு நுழைவு தரிசனம் எடுத்தவருக்குத் தெரிந்திருக்கும்: அந்தச் சீட்டின் பயன், அன்று வேறு எத்தனை பேர் அதை எடுத்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. முதல் விடையில் சொன்ன கோஸ்டரின் இருக்கைகளில் மூன்றில் ஒரு பங்கு இந்த டிக்கெட்காரர்களுக்குப் போனால், பொது வரிசைக்கு மணிக்குச் சுமார் 750 இடங்களே எஞ்சும். அரை மணிக் காத்திருப்பு முக்கால் மணியாகிவிடும். பணம் கொடுப்பவர் மிச்சப்படுத்தும் நேரம், கொடுக்காதவரின் பையிலிருந்து போகிறது. 1999இல் டிஸ்னி இதே போன்ற ஃபாஸ்ட் பாஸைக் கொண்டுவந்தபோது அது எல்லோருக்கும் இலவசம். 2021இல் அதை நிறுத்திவிட்டுக் கட்டண முறைக்கு மாறினார்கள். எனக்கு இதில் அவ்வளவு உடன்பாடில்லை. ஆயினும் ஒரே நாள் மட்டும் இருக்கிறது, அதுவும் விடுமுறை நாள், திரும்பவும் வர வாய்ப்பில்லை என்றால் வாங்கிக்கொள்ளுங்கள். ஜூலை மாத புதன்கிழமைக்கு வாங்க வேண்டியதில்லை. அந்த டிக்கெட் எந்தெந்த ரைடுகளுக்குச் செல்லும், ஒவ்வொன்றுக்கும் ஒரு முறையா பல முறையா என்பதைக் கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.

கேள்வி (குரோம்பேட்டை வாசகி): பேரனுக்கு ஆறு வயது. வரிசையின் கடைசிவரை நின்றபின், உயரம் போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?

பதில்: உயரம் அளக்கும் கம்பம் வரிசையின் தொடக்கத்திலேயே இருக்கும்; அங்கேயே பணியாளரை அளந்து சொல்லச் சொல்லுங்கள். வீட்டிலேயே சுவரோரம் நிறுத்தி அளந்துகொண்டு, பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் கொடுத்திருக்கும் குறைந்தபட்ச உயரத்துடன் ஒப்பிட்டுவிட்டுச் செல்வது இன்னும் மேல். பேரனை விட்டுவிட்டு அவன் பெற்றோர் மட்டும் ஏற விரும்பினால், டிஸ்னி, யூனிவர்சல் பூங்காக்களில் ஒருவர் ஏறிவிட்டு வரும்வரை மற்றவர் குழந்தையுடன் இருந்து, பிறகு மறுபடி வரிசையில் நிற்காமலே ஏறும் வசதி இருக்கிறது. நம் ஊர்ப் பூங்காவிலும் நுழைவிலேயே இதைக் கேட்டுப் பாருங்கள். பாட்டியாகிய தாங்கள் உடன் செல்வதால், குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அநேகமாகத் தங்களிடமே வந்து சேரும். ரைடின் வெளிவாசலுக்கு அருகில் நிழலான இருக்கை எது என்பதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.